ஒரு ஊர் முன்னாடி

மாநிலம் விட்டு மாநிலம் லோடு ஏற்றிப் போகிற லைன் வண்டி ஓட்டுகிறவனிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், இருக்கிற ஊரைச் சொல்ல மாட்டான். எந்த ஊரைச் சொன்னால் கேட்கிறவன் வாயை மூடுவானோ அந்த ஊரைச் சொல்வான். ஓசூரில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிருஷ்ணகிரி என்பான். கிருஷ்ணகிரியில் பல் விளக்கிக்கொண்டிருப்பவன் தருமபுரி என்பான். இதெல்லாம் பொய்யில் சேர்த்தி இல்லை என்பது அவர்கள் கட்சி. வண்டி எப்படியும் அந்த ஊருக்குப் போகத்தானே போகிறது, கொஞ்சம் முன்னாடி சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்பார்கள். ஓனருக்கும் இது தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். சொன்ன ஊரில் ஒரு ஊரைக் கழித்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேசுவார்கள்.

தனசேகரன் இருபது வருஷமாக லைன் வண்டி ஓட்டுகிறான். கழித்துக்கொள்ளத் தெரியாதவர்கள் அவன் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

அன்றைக்கு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு சக்கர வண்டியில் மகாராஷ்டிரா வெங்காயம் இருபது டன், பாண்டிச்சேரி மண்டிக்கு. மூன்று நாள் ஓட்டத்தில் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சான் தமிழழகன், பெண்டாட்டியின் தம்பி. விடிந்தும் விடியாத ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டு நல்ல செய்தி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"எங்க இருக்க?"

எப்போதும் மாமா என்று ஆரம்பிக்கிறவன். அந்த மாமாவைக் காணோம்.

"தருமபுரி தாண்டிட்டன்டா."

"பதினோரு மணிக்குக் கூட்டம். மெம்பரும் வராங்க. ஊர்ல நாலு பேரு வேலவெட்டிய வுட்டுட்டு உக்கார்றாங்க, ஞாபகம் வெச்சிக்க."

"வந்துகினேதான் இருக்கன். அக்காகிட்ட குடு."

"அக்கா பேசாது."

"பாப்பாகிட்டயாவது குடுடா."

"பாப்பா எழுதிகினு இருக்குது. வராம கிராம இருந்துடாத. வராத ஆளுக்காக ரெண்டாவது தபா ஊரு கூட மாட்டாங்க. அத்து வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. சொல்லிட்டன்."

போனை வைத்துவிட்டான். தனசேகரன் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு மச்சானின் வம்சத்தை ஒருமுறை திட்டினான். அந்த வம்சத்தில்தான் தன் பெண்டாட்டியும் வருகிறாள் என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

சந்தியா வீட்டை விட்டுப் போய் இருபது நாள் ஆகிறது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, எட்டாவது படிக்கிற மகள் சுபஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கச்சிராயபாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற காலனி அது. எதற்குப் போனாள் என்று ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. பிறகு ஊர்க்கூட்டம் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். இன்றைக்கு அங்கே பேசி முடித்தால் அவனுக்குப் பெண்டாட்டி உண்டு, இல்லையென்றால் இல்லை.

எதற்கு என்று அவனே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். எவனோ போய் அவன் தும்கூரில் ஒருத்தியை வைத்திருக்கிறான் என்று ஊதியிருக்கிறான். லைன் டிரைவர் என்றால் ஊருக்கு ஒன்று இருக்கும் என்று பேசுவது வழக்கம்தானே. அந்த விஷயத்தில் தனசேகரன் அப்பழுக்கில்லாதவன். அதனாலேயே அவனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எந்த நாய் சொன்னதென்று சபையில் நிறுத்திக் கேட்டுவிடுவதென்று, என்னென்ன பேசவேண்டும் என்பதையெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தான். எல்லாமே நன்றாக வந்தது. எதிரில் பதில் பேச ஆளில்லாவிட்டால் யாருக்கும் நன்றாகத்தான் வரும்.

தொப்பூர் கணவாயில் வண்டி நின்றுவிட்டது. கீழே வளைவில் ஒரு கண்டெய்னர் சாய்ந்து கிடப்பதாகச் சொன்னார்கள். முன்னால் இரண்டு கிலோமீட்டருக்கு லாரிகள். வெயில் ஏற ஏற வெங்காய மூட்டைகளின் வாடை தார்ப்பாய்க்குள்ளிருந்து கிளம்பியது. அடி மூட்டைகள் கசிந்து பின் சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற காருக்குள்ளிருந்து ஒருவன் கண்ணாடியை இறக்கினான்.

"யோவ், பொணத்த ஏத்திக்கினு வரியா? நாத்தம் தாங்கல, முன்னாடி தள்ளிப் போய்யா."

"எங்க போவ? உன் வண்டி மேல ஏறியா?" என்றான் தனசேகரன்.

கார்க்காரன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். தனசேகரன் மூன்று மாநிலத்து வார்த்தைகளைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான். கார்க் கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது. அப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்து லத்தியால் கதவில் அடித்து, "எறங்குடா, ஒழுங்கா லைன்ல நிக்கத் தெரியாது?" என்றார். வண்டி லைனில்தான் நின்றது. அதைச் சொன்னதற்கு லைசென்சைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

எட்டரைக்கு மறுபடி போன்.

"இப்ப எங்க?"

நெரிசலில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நெரிசல் என்பது லேட்டாகிற டிரைவர் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. நிஜமாகவே நெரிசல் இருக்கும்போதும் அதைச் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"சேலம் வந்துட்டன்."

"சேலமா?"

"ஆமாம்டா, சேலம். காது கேக்கலியா?"

அந்தப் பக்கம் பெண்கள் யாரோ சிரித்தார்கள். "எழுதிக்க பாப்பா, சேலம்" என்று ஒரு கிழக்குரல் கேட்டது. போன் நின்றது.

பத்து மணிக்குத்தான் வண்டிகள் நகர்ந்தன. இரண்டாவது கியரில், பிரேக்கில் கால் வைத்து வைத்து எடுத்து, சாய்ந்து கிடந்த கண்டெய்னரை உரசாமல் கீழே இறங்குவதற்குள் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓமலூர் டோல்கேட்டில் நிற்கையில் மூன்றாவது தடவை போன் வந்தது. இந்த முறை ஆத்தூர் என்றான். தாமதம் கூடக் கூட அவன் சொல்கிற ஊரும் தள்ளித் தள்ளிப் போயிற்று. மச்சான் "செரி" என்று ஒற்றைச் சொல்லோடு வைத்துவிட்டான்.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சாப்பிடாமல், இறங்காமல் ஓட்டினான். வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கள்ளக்குறிச்சி வந்தபோது மணி ஒன்றரை. பாண்டிச்சேரிக்கு நேரே போகவேண்டிய வண்டியைத் திருப்பி மலைரோட்டில் விட்டான். ஓனருக்குத் தெரிந்தால் வேலை போகும். போகட்டும் என்று இருந்தது.

காலனிக்குப் போனபோது மலை உச்சியில் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. காற்று துளிகூட வீசவில்லை. ரோடு மலையிலிருந்து சரிந்து வந்து, காலனி வீடுகளின் வாசலை ஒட்டியே கீழே கச்சிராயபாளையத்துக்குப் போகும். வீடுகளைத் தாண்டி மேலே ஏறி, பள்ளிக்கூடத்து முன்னால் இருந்த வெட்டவெளியில் வண்டியைத் திருப்பி, மூக்கை இறக்கத்தைப் பார்க்க வைத்து நிறுத்தினான். மாமியார் வீட்டுக்கென்று கட்டி வைத்திருந்த வெங்காயச் சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். எந்த லோடு ஏற்றினாலும் அதில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவருவது அவன் பழக்கம்.

மாரியம்மன் கோயில் முன்னால் புங்க மரத்தடியில் பத்திருபது பேர் இருந்தார்கள். ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும், பெண்கள் தரையிலும். நடுநாயகமாக ராஜாம்பாள் உட்கார்ந்திருந்தார். வார்டு மெம்பர், அறுபது வயது, மலையில் மரவள்ளி பிடுங்கி மூட்டை சுமந்த உடம்பு. பக்கத்தில் மாமியார் சாலம்மாள் தலையைக் குனிந்திருந்தாள். சந்தியா மரத்தில் சாய்ந்து நின்றாள். மகள் மடியில் ஒரு நோட்டும் கையில் போனும். அவனுடைய பழைய போன்தான். பள்ளிக்கூடத்தில் அனுப்புகிற பாடங்களைப் பார்க்க வேண்டுமென்று கேட்டதால், போன வருஷம் புதுசு வாங்கியபோது பழைய நம்பரோடு மகளுக்குக் கொடுத்தது.

சிப்பத்தை மாமியார் பக்கத்தில் இறக்கி வைத்தான். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். வந்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை.

"வா மாப்ள" என்றார் ராஜாம்பாள். "பதினோரு மணின்னு சொன்னது. ரெண்டேகால் ஆவுது. வழியில இன்னா, பஞ்சரா?"

எல்லோரும் சிரித்தார்கள். சந்தியா சிரிக்கவில்லை.

"தொப்பூர்ல ஜாம் மெம்பரம்மா. கண்டெய்னர் சாஞ்சிகிச்சி."

"தொப்பூர்லயா? எட்டரைக்கு சேலம்னு சொன்னியே. பாப்பா, படிம்மா."

சுபஸ்ரீ எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், அப்பாவைப் பார்க்காமல் படித்தாள்.

"ஆறு மணி அஞ்சு நிமிசம், தருமபுரி தாண்டிட்டன்னு சொன்னாரு. ஆறு இருவதுக்கு மெசேஜ் வந்துச்சி, கிருஷ்ணகிரி டோல்கேட். எட்டரைக்கு சேலம்னு சொன்னாரு. சேலத்துக்கு முன்னாடி ஓமலூர் டோல்கேட், அந்த மெசேஜ் பத்து நாப்பதுக்குத்தான் வந்துச்சி. அப்ப ஆத்தூர்னு சொன்னாரு."

தனசேகரனுக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டிக்கு ஃபாஸ்டேக் ஒட்டியபோது ஓனர் அவனுடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தார். ஒவ்வொரு டோல்கேட் தாண்டும்போதும் எந்த ஊர், எத்தனை மணி என்று அந்த நம்பருக்கு மெசேஜ் போகும். நம்பரை மகளுக்குக் கொடுத்தவன் மெசேஜை மறந்தே போனான். காலையிலிருந்து அவன் இங்கே மரத்தடியில் எல்லோர் முன்னாலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, இவ்வளவுதானா என்று ஒரு நிம்மதி வந்தது. தும்கூர்க்காரி விவகாரம் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்:

"இதுக்கா மெம்பரம்மா ஊரக் கூட்டினீங்க? லைன் டிரைவருங்க எல்லாருமே ஒரு ஊரு முன்னாடிதான் சொல்லுவாங்க. இது தொழிலுங்க. இதுல ஒண்ணும் கெட்டது கெடையாது. வேணும்னா எங்க ஓனரக் கேளுங்க."

"அடுத்த பக்கம் படி" என்றாள் சந்தியா.

சுபஸ்ரீ நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் படிக்கமாட்டன்மா" என்றாள்.

"செரி, நானே சொல்றன். எனக்கு நோட்டு வேணாம்." சந்தியா மரத்தை விட்டு முன்னால் வந்தாள். "எங்கப்பா செத்த அன்னிக்கி. மாசி மாசம். மத்தியானம் சோறு துன்னுட்டுப் படுத்தவரு, நெஞ்ச அடைக்குதுன்னாரு. ரெண்டு இருவதுக்கு எங்கம்மா உனக்குப் போன் போட்டுச்சி. எங்கன்னு கேட்டுச்சி. இன்னா சொன்ன?"

தனசேகரன் மகள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

"நான் சொல்லட்டா? கள்ளக்குறிச்சி வந்துட்டன், தோ வரன்னு சொன்ன. தம்பி அதுக்குள்ள நூத்தியெட்டுக்குப் போட்டுட்டான். வண்டி வெள்ளிமலையில இருக்குது, எறங்கி வர முக்கா மணி ஆவும்னாங்க. எங்க மாப்ள அரைமணில வந்துடுவாரு, லாரிலயே ஏத்திகினு போய்டறோம்னு நாங்களே வேணாம்னுட்டோம். வாசல்ல ஒரு ஆட்டோ நின்னுது. அதையும் நீ போப்பான்னு அனுப்பிச்சிட்டோம். எல்லாம் உன்ன நம்பி. ரெண்டே முக்காலுக்கு மெசேஜ் வந்துருக்குது. எந்த ஊரு டோல்கேட்டு?"

"சந்தியா..."

"எந்த ஊரு?"

"விக்கிரவாண்டி" என்றான்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ராஜாம்பாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விக்கிரவாண்டியா? அங்கேர்ந்து இங்க நூறு கிலோமீட்டருக்கு மேல வருமேய்யா!"

"பஞ்சர்னு சொன்னாரு மெம்பரம்மா" என்றாள் சந்தியா. "பொணத்து மேல வுழுந்து அழுதுகினே சொன்னாரு. பைபாஸ்ல டயர் பஞ்சராயிடுச்சி, இல்லனா மாமாவக் காப்பாத்தியிருப்பன்னு. ஆறு மாசமா அத நம்பிகினு இருந்தன். அந்த டயரத் திட்டிகினு இருந்தன். போன்ல எடம் இல்லன்னு பாப்பா பழைய மெசேஜ் எல்லாம் அழிச்சிகினு வந்துது. தாத்தா செத்த தேதியப் பாத்துட்டு, அழிக்காம என்கிட்ட கொண்டாந்து காட்டுச்சி."

தமிழழகன் எழுந்து வந்து தனசேகரனின் சட்டையைப் பிடித்தான். "நூத்தியெட்ட வேணாம்னு என் வாயால சொல்ல வெச்சியேடா! என் வாயால!" இரண்டு பேர் அவனை இழுத்து உட்கார வைத்தார்கள். தனசேகரன் கையைத் தூக்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

"மாப்ள" என்றார் ராஜாம்பாள். "வாயத் தொறந்து சொல்லு. எதுக்குச் சொன்ன அப்படி?"

வழியெல்லாம் பேசிப் பார்த்த பேச்சில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"திண்டிவனத்துகிட்ட சாப்ட்டுகினு இருந்தன். அத்தை போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரியாது. வாய் பாட்டுக்குக் கள்ளக்குறிச்சின்னுட்டன். சொல்லி முடிச்சப்புறந்தான் மாமாவுக்கு நெஞ்சு வலின்னாங்க."

"அப்பவே மாத்திச் சொல்ல வேண்டிதுதான? இல்ல அத்த, நான் இன்னும் திண்டிவனத்துலதான் இருக்கன், வேற வண்டி புடிங்கன்னு?" என்றார் ராஜாம்பாள்.

"சொல்லணும்னுதான் இருந்துச்சி. வாய் வரல. இப்பதான கள்ளக்குறிச்சின்னு சொன்ன, அதுக்குள்ள திண்டிவனமான்னு கேப்பாங்களேன்னு... மெதிச்சி ஓட்டுனா புடிச்சிடலாம்னு நெனச்சன். எல மேல போட்ட சோத்த அப்படியே வுட்டுட்டு ஓடியாந்தன். சத்தியமா ஓடியாந்தன்."

அது உண்மை. அன்றைக்கு அவன் ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஆனால் வெட்கத்துக்குப் பயந்து ஒரு மனிதனைச் சாகவிட்டிருக்கிறான் என்பதும் உண்மை. அது இத்தனை நாளும் அவனுக்குள்தான் இருந்தது. இப்போது மரத்தடியில் எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது. சாலம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பேசியது அவளோடுதான். போன் அவள் காதில்தான் இருந்தது.

ராஜாம்பாள் தொண்டையைச் செருமினார்.

"தப்புதான். பெரிய தப்பு. ஆனா வேணும்னு செஞ்சதா எனக்குத் தோணல. பொட்டப் புள்ள ஒண்ணு இருக்குது. அத்து வுட்டா யாருக்கு நல்லது? அம்மன் முன்னாடி கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணட்டும். இனிமே வூட்டுல பொய் சொல்ல மாட்டன்னு. இன்னா சந்தியா சொல்ற?"

தனசேகரன் சட்டென்று நிமிர்ந்தான். "பண்றன். இப்பவே பண்றன்" என்றான். அந்த நிமிஷம் நெருப்பையே விழுங்கச் சொல்லியிருந்தாலும் விழுங்கியிருப்பான்.

"சத்தியம் வேணாம்" என்றாள் சந்தியா. அவள் குரலில் கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் அவனுக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. "அவரு பொய் சொன்னதுக்காக நான் வரலன்னு சொல்லல மெம்பரம்மா. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அது மரவள்ளி ஏத்தற சமயம். மலையிலேர்ந்து லோடு வண்டி வந்துகினே இருக்கும். எங்கப்பா தல என் மடியில. ரோட்டுல லாரி சத்தம் கேக்கும். 'மாப்ள வந்துட்டாருடி, என்னத் தூக்கி வுடு'ன்னு எழுந்து உக்காருவாரு. வண்டி நிக்காம போய்டும். 'இது இல்லப்பா, படுங்க'ன்னுவன். படுப்பாரு. மறுபடி சத்தம் கேக்கும், மறுபடி எழுந்துப்பாரு. நெஞ்சு வலியோட. பதினோரு லாரி போச்சி. நான் எண்ணுனன். பதினோரு தபா எழுந்தாரு. பன்னண்டாவது வண்டி வந்தப்ப எழுந்துக்கல."

தமிழழகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னிக்கும் லாரி சத்தம் கேட்டா எனக்கு மடி கனக்குது. இவரு வண்டிய வெச்சிகினு நான் எப்படிக் குடும்பம் பண்ணுவன்? சாவ வேணாம், கெட்டுப்போவ வேணாம், எங்கயோ நல்லா இருக்கட்டும். இந்தத் தெருவுல அந்த வண்டி சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். ரோட்டை ஒட்டிய முதல் வீடு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுபஸ்ரீ நோட்டை அணைத்துக்கொண்டு, அப்பாவையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மா பின்னால் ஓடினாள்.

"கெளம்பு மாப்ள" என்றார் ராஜாம்பாள். "இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

தனசேகரன் வண்டிக்குப் போனான். ஏறிக் கதவைச் சாத்தினான். சாவியைப் போட்டான். திருப்பப் போன கை நின்றுவிட்டது. முன்கண்ணாடியில் அந்த வீட்டின் சாத்திய கதவு தெரிந்தது. சாவியைத் திருப்பினால் இருபது டன் ஏற்றிய வண்டி உறுமும். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள்.

கியரைத் தள்ளி நியூட்ரலில் போட்டான். ஹேண்ட்பிரேக்கை விட்டான். காற்று புஸ்ஸென்று இறங்கியது. வண்டி முதலில் அசையவில்லை. பிறகு இறக்கத்தில் மெல்ல உருள ஆரம்பித்தது. இஞ்சின் ஓடாத ஸ்டியரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. இரண்டு கையும் முழங்கையும் கொடுத்து, எழுந்து நின்று, உடம்பு மொத்தத்தையும் சாய்த்துத் திருப்பினான். பிரேக்குக்கு டாங்கியில் மிச்சமிருக்கிற காற்றுதான். ஏழெட்டு மிதிக்குத் தாங்கும். லோடு வண்டியை இப்படி உருட்டுகிறவனைப் பார்த்தால் அவனே செருப்பால் அடிப்பான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவ்வளவு பெரிய வண்டி சத்தமே இல்லாமல் அந்த வீட்டைத் தாண்டியது. கதவு திறக்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தண்ணீர் டேங்க், ரேஷன் கடை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தெருவின் கடைசி வீடு தாண்டும்வரை அவன் சாவியைத் திருப்பவில்லை.